அச்சிட மறுத்த அச்சுப்பொறி

எங்கள் விருத்தாசலத்தில் பேருந்து ஏறினால் மூன்று மணி நேரத்திற்குள் கும்பகோணம் போய்ச் சேர்ந்துவிடலாம். வெற்றிலைக்கும் பாத்திரத்திற்கும் பெயர் பெற்ற அவ்வூரில் 1904-ஆம் ஆண்டு கும்பகோணம் வங்கி என்ற பெயரில் ஒரு வங்கி தொடங்கப்பட்டது. இன்று சிட்டி யூனியன் வங்கி என்று நாம் அறிவது அதனைத்தான். அதன் தலைமை அலுவலகம் இன்றும் கும்பகோணத்திலேயே இருக்கிறது. 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 6 அன்று அந்த வங்கியில் ஓர் அச்சுப்பொறி வேலை செய்யாமல் நின்றுபோயிற்று.

அச்சுப்பொறி நின்றுபோவதும் ஒரு செய்தியா என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. எங்கள் கல்லூரி அலுவலகத்தில் வாரத்திற்கு இரண்டு முறை அது நிகழ்கிறது; தாள் சிக்கிக்கொண்டது என்பார்கள், மை தீர்ந்துவிட்டது என்பார்கள், யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் கும்பகோணத்து அச்சுப்பொறி செய்துவந்த வேலை தனியானது. வங்கி அயல்நாட்டு வங்கிகளுக்குப் பண ஆணைகளை அனுப்பும். 'உங்கள் ஆணை வந்து சேர்ந்தது' என்று அங்கிருந்து மறுமொழி வரும். அந்த மறுமொழிகளைத் தாளில் பதித்துக் கொடுப்பதே அதன் பணி. அன்று அது மௌனமாகிவிட்டதால் மறுமொழிகள் எவர் கண்ணிலும் படவில்லை.

மறுநாள் காலை ஊழியர்கள் வழக்கம்போல முந்தைய நாள் கணக்கை ஒப்புநோக்கினர். வங்கியில் எவரும் எழுதாத மூன்று ஆணைகள் வங்கியின் பெயரில் வெளியே போயிருந்தன! 5 இலட்சம் டாலர் நியூயார்க் வழியாகத் துபாய்க்கு. 3 இலட்சம் யூரோ ஃபிராங்ஃபர்ட் வழியாகத் துருக்கிக்கு. 10 இலட்சம் டாலர் நியூயார்க் வழியாகச் சீனாவிற்கு. மொத்தம் அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 12 கோடி ரூபாய்.

கதவு உடைக்கப்படவில்லை, பெட்டகம் திறக்கப்படவில்லை. மூன்று ஆணைகளும் முறையான வழியிலேயே, முறையான முத்திரையோடு சென்றிருந்தன. நியூயார்க்கில் இருப்பவர் அவற்றைப் பார்த்து ஐயப்படக் காரணமே இல்லை. அப்படியானால், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்து வரும் ஒரு கட்டளையை ஒரு வங்கி எதைக் கொண்டு நம்புகிறது? இந்தக் கேள்விக்கு விடை காணக் கணிப்பொறிக்கு மிக முந்திய காலத்திற்குப் போக வேண்டும்.

கோபுரத்தின் மேல் ஒரு பிழை

மின் தந்திக்கு முன்பே பிரான்சு நாட்டில் ஒரு செய்தி வலை இருந்தது. குன்றுகளின் மேலும் கோபுரங்களின் மேலும் அசையும் மரக்கைகளை நட்டு, அவை நிற்கும் கோணங்களை எழுத்துகளாகக் கொண்டு, ஒரு கோபுரத்திலிருப்பவர் அடுத்த கோபுரத்தைத் தொலைநோக்கியால் பார்த்துச் செய்தியை நகல் செய்வார். கிளாடு ஷாப் என்பவர் அமைத்த இந்த வலையின் முதல் தடம் 1794-இல் பாரிசுக்கும் லீல் நகருக்கும் இடையே இயங்கியது. அது அரசாங்கச் செய்திக்கு மட்டுமே உரியது; வணிகர்கள் தொடக்கூடாது.

போர்தோ நகரில் பிளாங்க் என்ற சகோதரர் இருவர் அரசுக் கடன்பத்திரங்களை வாங்கி விற்று வந்தனர. பாரிசுச் சந்தையில் விலை ஏறியதா இறங்கியதா என்பது அஞ்சல் வண்டியில் போர்தோவிற்கு வந்து சேரப் பல நாட்கள் ஆகும். அதற்கு முன்பே தெரிந்துகொண்டால்? 1834-இல் அவர்கள் இடைவழியில் உள்ள தூர் நகரத் தந்திக்காரர் ஒருவருக்குக் கையூட்டுக் கொடுத்தனர். அரசுச் செய்தியின் நடுவே அவர் ஓர் எழுத்தைத் தவறாகச் சேர்ப்பார். உடனே 'முந்தைய எழுத்தை அடித்துவிடுக' என்னும் குறியையும் அனுப்புவார். எனவே போர்தோவில் எழுதி முடித்த செய்தியில் பிழையே இராது. ஆனால் ஊருக்கு வெளியே நின்று கடைசிக் கோபுரத்தைத் தொலைநோக்கியால் பார்த்துக்கொண்டிருந்த அவர்களுடைய ஆள், அந்தப் பிழை எழுத்தைப் பார்த்துவிடுவான். விலை ஏற்றமா இறக்கமா என்பது அதிலே இருந்தது.

இரண்டு ஆண்டுகள் இது நடந்தது. தந்திக்காரர் நோய்வாய்ப்பட்டபோது நண்பர் ஒருவரிடம் உண்மையைச் சொல்லியதால் 1836-இல் வெளிவந்தது. வழக்கும் நடந்தது. ஆனால் செய்தி வலையை இப்படிப் பயன்படுத்துவது குற்றம் என்று கூறும் சட்டம் அப்போது இல்லாததால் சகோதரர்கள் தப்பிவிட்டனர். அவர்களுள் ஒருவரான ஃபிரான்சுவா பிளாங்க் பிற்காலத்தில் மான்டி கார்லோவின் புகழ்பெற்ற சூதாட்ட மாளிகையை நடத்தினார் என்பது இந்தக் கதைக்குப் பொருத்தமான பின்குறிப்பு!

ஒரு கூட்டல் கணக்கு

மின் தந்தியும் அதன்பின் டெலக்சும் வந்தபோது வங்கிகள் எச்சரிக்கை அடைந்தன. பணம் கொடுக்கச் சொல்லும் தந்தியை எவர் வேண்டுமானாலும் கொடுத்துவிட முடியுமே! கையொப்பத்தைக் கம்பி வழியே அனுப்ப இயலாது. அப்போது கண்டுபிடித்த உபாயம் மிக எளியது, அழகானதும்கூட. அதற்குச் சோதனை எண் என்று பெயர் கொள்வோம்.

இரு வங்கிகளும் முன்கூட்டியே இரகசிய அட்டவணைகளைப் பரிமாறிக்கொள்ளும். ஒவ்வொரு தேதிக்கும், மாதத்திற்கும், தொகைக்கும், நாணயத்திற்கும் ஓர் எண் அதில் உண்டு. ஒரு மாதிரி பார்ப்போம். எண்கள் நான் இட்டவை. 7-ஆம் தேதிக்கு 31, பிப்ரவரி மாதத்திற்கு 46, 5 இலட்சத்திற்கு 112, டாலருக்கு 18, இந்த ஆண்டின் வரிசை எண்ணுக்கு 9 என்று கொள்க. கூட்டினால் 216 வருகிறது. தந்தியின் தலையில் 216 என்று எழுதி அனுப்புவர். பெறுகிறவர் தம்மிடமுள்ள அட்டவணையைப் பார்த்துத் தாமும் கூட்டுவார். 216 வந்தால் செய்தி மெய். வழியில் ஒருவன் 5 இலட்சத்தை 9 இலட்சம் என மாற்றினான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 9 இலட்சத்திற்கு அட்டவணையில் 167 இருந்தால் கூட்டுத்தொகை 271 ஆகிவிடும். தந்தியோ 216 என்கிறது. பொய் அகப்பட்டுக்கொண்டது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இரகசியம் கம்பியில் இல்லை, மேலாளரின் இரும்பு அலமாரியில் இருக்கிறது. கம்பியை எவ்வளவு ஒட்டுக்கேட்டாலும் அட்டவணை கிடைக்காது. திருட வேண்டுமானால் அறைக்குள் வந்து, அலமாரியைத் திறந்து, புத்தகத்தை எடுத்தாக வேண்டும். அது சிரமமான வேலை. பலர் கண்ணில் படும் வேலை.

ஆனால் நாளுக்கு நூற்றுக்கணக்கான டெலக்ஸ் செய்திகளுக்குக் கையால் கூட்டிக்கொண்டிருப்பது எழுத்தர்களின் உயிரை வாங்கியது. ஆகவே 1973-இல் 15 நாடுகளைச் சேர்ந்த 239 வங்கிகள் கூடி, பெல்ஜியத்தில் ஸ்விஃப்ட் என்ற கூட்டுறவு அமைப்பை ஏற்படுத்தின. 1977-இல் அதன் கணிப்பொறி வலை செய்திகளைச் சுமக்கத் தொடங்கியது. 1991-இல் இந்திய வங்கிகள் அதில் இணைந்தன. இன்று இருநூறுக்கு மேற்பட்ட நாடுகளில் பதினோராயிரத்திற்கு மேற்பட்ட நிறுவனங்கள் அதில் உள்ளன. ஸ்விஃப்ட் வழியே பணம் ஓடுகிறது என்று செய்தித்தாள்களில் எழுதுகிறார்கள், அது சரியன்று. பணம் ஓடுவதில்லை. 'எங்கள் கணக்கில் இவ்வளவு கழித்து அவர் கணக்கில் சேர்க்கவும்' என்ற செய்தி மட்டுமே ஓடுகிறது. வங்கிகள் தத்தம் பேரேடுகளைத் திருத்திக்கொள்கின்றன.

ஸ்விஃப்ட் வந்தபின் சோதனை எண்ணைக் கணிப்பொறியே கணக்கிட்டது. கூட்டல் போய், எளிதில் உடைக்க இயலாத மறையீட்டுக் கணிதம் வந்தது. இது பெரிய முன்னேற்றமே. ஆயினும் சத்தமில்லாமல் ஒரு மாற்றமும் நிகழ்ந்துவிட்டது. அலமாரியில் இருந்த இரகசியம் இயந்திரத்திற்குள் குடியேறிவிட்டது. இயந்திரம் தன்னிடம் கொடுக்கப்படும் எந்த ஆணைக்கும் தவறில்லாமல் முத்திரை குத்தும். கொடுத்தவர் ஊழியரா, ஊழியரின் கடவுச்சொல்லைத் திருடிய அயலானா என்பது அதற்குத் தெரியாது. அந்த முத்திரை, 'இது கும்பகோணத்துக் கணிப்பொறியிலிருந்து வந்தது' என்று உறுதி கூறும். கும்பகோணத்து மனிதர் எவராவது இதை விரும்பினாரா என்பதைப் பற்றி அது வாய் திறக்காது.

டாக்காவில் இரண்டு பைட்டுகள்

இதை முதன்முதலில் உலகிற்குப் பெரிய அளவில் உணர்த்தியது வங்கதேசம். 2016 பிப்ரவரி 4, வியாழன் இரவு. டாக்காவிலுள்ள வங்கதேச மைய வங்கியின் பெயரில், நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கிக்கு 35 ஆணைகள் சென்றன. கேட்ட தொகை 95 கோடி டாலருக்கு மேல். வெள்ளியும் சனியும் வங்கதேசத்தில் வார விடுமுறை. ஞாயிறன்று டாக்கா விழித்துக்கொள்ளும்போது நியூயார்க்கில் விடுமுறை. திங்களன்று நியூயார்க் திறக்கும்போது, பணம் போய்ச் சேர்ந்த மணிலாவில் சீனப் புத்தாண்டு விடுமுறை. கொள்ளையர் பஞ்சாங்கம் பார்த்தே நாள் குறித்திருந்தனர்!

ஸ்விஃப்ட் மென்பொருளை அவர்கள் எப்படி ஏமாற்றினர் என்பதை ஓர் ஆங்கிலேயப் பாதுகாப்பு நிறுவனம் அவ்வாண்டு ஏப்ரலில் விளக்கியது. இயற்பியல் ஆசிரியனாகிய எனக்கு அந்த விளக்கம் இன்றும் வியப்பளிக்கிறது. எந்த மென்பொருளிலும் ஒரு சோதனை இருக்கும்: 'சரியாக இருக்கிறதா? இல்லையேல் தாவித் தவறு என்று சொல்லும் பகுதிக்குப் போ.' இந்த 'இல்லையேல் தாவு' என்னும் கட்டளை இயந்திர மொழியில் வெறும் இரண்டு பைட்டுகள். கொள்ளையரின் நிரல் அந்த இரண்டு பைட்டுகளையும் அழித்து, அவ்விடத்தில் 'ஒன்றும் செய்யாதே' என்னும் கட்டளையை இருமுறை எழுதியது. சோதனை நடக்கும், விடை 'தவறு' என்றே வரும், ஆனால் எவரும் தாவுவதில்லை. வாயிற்காவலர் நின்ற இடத்திலேயே நிற்கிறார், கண்ணை மட்டும் மூடிக்கொண்டுவிட்டார். பூட்டு முழுவதையும் உடைக்க வேண்டிய தேவையே எழவில்லை.

அடுத்து அச்சுப்பொறி. கணிப்பொறிக்குள் இருக்கும் பதிவுகளை நிரல் அழித்துவிடலாம். தாளில் ஏறிய மையை அழிக்க இயலாதல்லவா? எனவே உறுதிச்செய்திகள் அச்சுக்குப் போகும் வழியிலேயே அவற்றைப் பிடித்து வெறுமையாக்கும்படி நிரல் எழுதப்பட்டிருந்தது. வெள்ளியன்று பணிக்கு வந்தவர்கள் அச்சுப்பொறி வேலை செய்யாததைப் பார்த்தனர். வழக்கமான கோளாறு என்று விட்டுவிட்டனர். நம்மில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்போம்.

35 ஆணைகளுள் பெரும்பாலானவை தடைபட்டதற்குக் காரணம் பாதுகாப்புக் கருவிகள் அல்ல என்பதே இதில் மனத்தை உறுத்துகிறது. பணம் போகவேண்டிய மணிலா வங்கிக் கிளை ஜுபிடர் தெருவில் இருந்தது. அமெரிக்கா தடை விதித்திருந்த ஒரு கப்பலின் பெயரிலும் ஜுபிடர் என்ற சொல் இருந்ததால் நியூயார்க்கில் ஆணைகள் நிறுத்திப் பார்க்கப்பட்டன. இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டாலர் ஓர் அறக்கட்டளையின் பெயருக்குப் போயிற்று. 'பவுண்டேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கொள்ளையர் தவறாக எழுதியிருந்தனர். எழுத்துப்பிழையைக் கண்ட வங்கியாளர்கள் கேள்வி எழுப்ப, அந்தப் பணம் தப்பியது. மணிலாவிற்குச் சென்ற 8 கோடியே 10 இலட்சம் டாலர் சூதாட்ட விடுதிகளில் புகுந்து பெரும்பாலும் மறைந்துவிட்டது. வங்கதேச வங்கியின் ஆளுநர் மார்ச்சு மாதம் பதவி விலகினார்.

பின்னர் ஆய்ந்த டாக்கா காவல்துறையினர் ஒரு செய்தியைச் சொன்னார்கள். கோடிக்கணக்கான டாலரை ஆளும் அந்த ஸ்விஃப்ட் கணிப்பொறிகள், பத்து டாலர் விலையுள்ள பழைய இணைப்புக் கருவிகளின் மூலம், ஃபயர்வால் எனப்படும் காப்பு ஏதும் இன்றி, மற்றக் கணிப்பொறிகளோடு இணைக்கப்பட்டிருந்தனவாம். பீங்கான் ஊர்க்காரனாகிய எனக்கு இதைப் படித்தபோது தோன்றியது வேறொரு காட்சி. எங்கள் ஊர்ச் சூளைகளில் பொம்மைகளும் அகல் விளக்குகளும் மட்டும் வேகவில்லை. மின்சாரத்தைத் தடுக்கும் பீங்கான் உறுப்புகளும் வெந்து வந்திருக்கின்றன. மின்கம்பத்தின் உச்சியில் கம்பிக்கும் கம்பத்திற்கும் நடுவே இருக்கும் வெள்ளைக் குமிழைப் பார்த்திருப்பீர்கள். அது எதையும் செய்வதில்லை. 'கடத்தமாட்டேன்' என்று சும்மா நிற்கிறது. அதை எடுத்துவிட்டால் கம்பத்தைத் தொடுகிறவர் கதி என்ன? ஓர் அலுவலகத்தில் மின்னஞ்சல் பார்க்கும் கணிப்பொறியும் பண ஆணை எழுதும் கணிப்பொறியும் ஒரே கம்பியில் தொங்கினால், நடுவே குமிழ் இல்லாத கம்பம்தான் அது.

நம் நாட்டிலேயே இது நடந்தது. அதே ஆண்டு ஜூலையில் யூனியன் பேங்க் ஆஃப் இந்தியாவில் ஊழியர் ஒருவர், ரிசர்வ் வங்கியிலிருந்து வந்ததுபோல் தோன்றிய ஒரு மின்னஞ்சலின் இணைப்பைத் திறந்தார். அதன் வழியே நுழைந்தவர்கள் 17 கோடி டாலருக்கு ஆணைகள் அனுப்பினர். மறுநாள் கணக்கை ஒப்புநோக்கியபோது வித்தியாசம் தெரிய, வங்கி விரைந்து செயல்பட்டுப் பணம் முழுவதையும் மீட்டது.

மீண்டும் கும்பகோணம்

இந்தப் பின்னணியில் 2018 பிப்ரவரி 7 காலையை மறுபடி பாருங்கள். கும்பகோணத்தில் நின்றுபோன அச்சுப்பொறி டாக்காவின் அச்சுப்பொறிக்கு உடன்பிறப்பு. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே விடுமுறை குறுக்கிடவில்லை, அன்று புதன்கிழமை. ஊழியர்கள் அச்சுத் தாளுக்காகக் காத்திராமல், அயல்நாட்டு வங்கிகளிலுள்ள தங்கள் கணக்கின் நிலையையும் தங்கள் பேரேட்டையும் ஒப்புநோக்கினர். இது கணிப்பொறிக் காலத்து வேலை அன்று. கணக்குப்பிள்ளைகள் காலங்காலமாகச் செய்துவரும் வேலை. உடனே அயல்நாட்டு வங்கிகளுக்கு அவசரச் செய்தி பறந்தது. துபாய்க்கான 5 இலட்சம் டாலர் நியூயார்க்கிலேயே தடுக்கப்பட்டது. துருக்கிக்கான யூரோவை அங்குள்ள வங்கி நிறுத்திவைத்தது. மூன்றாவதான 10 இலட்சம் டாலர் மட்டும் சீனாவின் ஹாங்சோ நகரிலுள்ள ஒரு வங்கிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இது பன்னாட்டு இணையக் குற்றவாளிகளின் செயல் என்றும், ஊழியர் எவரும் உடந்தையாக இருந்ததற்குச் சான்று இல்லை என்றும் வங்கி அறிவித்தது.

அந்த அறிவிப்பு வெளிவந்த நேரம் பொல்லாத நேரம். பிப்ரவரி 14 அன்றுதான் பஞ்சாப் தேசிய வங்கி, தன் மும்பைக் கிளை ஒன்றில் ஏறத்தாழ 11,400 கோடி ரூபாய்க்கு மோசடி நடந்ததாகக் கூறியிருந்தது. அங்கும் ஸ்விஃப்ட் செய்திகளே கருவி. ஆனால் அங்கே கொள்ளையர் வெளியிலிருந்து வரவில்லை. வங்கி ஊழியர் சிலரே துணை போனார்கள் என்பது வழக்கு. அக்கிளையின் ஸ்விஃப்ட் இயந்திரம் வங்கியின் மையப் பேரேட்டோடு இணைக்கப்படாததால், அனுப்பிய உறுதிமொழிகள் பேரேட்டில் ஏறவே இல்லை. ஓர் இடத்தில் உள்ளிருந்தவர், இன்னோர் இடத்தில் வெளியிலிருந்து வந்தவர். ஆனால் தொலைவிலுள்ள வங்கியின் மேசையில் இரண்டும் ஒரே மாதிரியான காகிதம். ஒரே மாதிரியான சரியான முத்திரை. சோதனை எண்ணால் இவ்விரண்டையும் வேறுபடுத்த முடியாது.

ஒருவர் எழுத, இன்னொருவர் சரிபார்க்க, மூன்றாமவர் அனுமதிக்க வேண்டும் என்ற விதி வங்கிகளில் உண்டே, அது எங்கே போயிற்று என்று மாணவர் ஒருவர் என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. விடை எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் இருக்கிறது.

விருத்தாசலம் சந்திப்பிலிருந்து பிரியும் தடங்களில் சேலம் தடமும் கடலூர்த் தடமும் ஒற்றைப் பாதைகள். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிடக் கூடாது. அதற்காக முற்காலத்தில் ஒற்றைப் பாதைகளில் உருண்டை டோக்கன் முறை இருந்தது. பக்கத்துப் பக்கத்து நிலையங்கள் இரண்டிலும் ஒவ்வொரு கருவி. இரண்டும் மின்கம்பியால் பிணைக்கப்பட்டவை. அடுத்த நிலையத்து அதிகாரி தம் கருவியை இயக்கி இசைவு தந்தால்தான் இந்த நிலையத்துக் கருவியிலிருந்து ஓர் இரும்பு உருண்டை வெளியே வரும். அதைப் பையில் இட்டு, வளையத்தில் கோத்து நீட்டுவர். ஓட்டுநர் ஓடும் வண்டியிலிருந்தே கையை விட்டு வாங்கிக்கொள்வார். அந்த உருண்டை இரண்டில் ஒரு கருவிக்குள் திரும்பிப் போகும்வரை அடுத்த உருண்டை வராது. பெரியவர்கள் பலர் இதைப் பார்த்திருப்பார்கள்.

இம்முறையின் வலிமை இரண்டு பேர் என்பதில் மட்டும் இல்லை. இருவரும் வேறு வேறு ஊர்களில் இருக்கிறார்கள். ஓர் அறைக்குள் புகுந்தவன் இருவரையும் பிடித்துவிட முடியாது. வங்கியின் மூன்று பேரோ ஒரே வலையிலுள்ள மூன்று கணிப்பொறிகளில் கடவுச்சொற்களைத் தட்டுகிறார்கள். அந்த வலைக்குள் வாரக்கணக்கில் ஒளிந்திருந்து, விசைகள் தட்டப்படுவதைப் பதிவு செய்யும் நிரல் ஒன்று இருந்தால், மூவரும் அதற்கு ஒருவரே. பெயரளவில் மூன்று சாவிகள். தொங்குவது ஒரே ஆணியில்.

டாக்கா நிகழ்ச்சிக்குப்பின் ஸ்விஃப்ட் செய்த சீர்திருத்தங்களுள் எனக்கு மிகப் பிடித்தது இதைச் சார்ந்தது. 'இன்று உங்கள் பெயரில் எங்களிடம் வந்த ஆணைகள் இவை' என்று தன் பதிவுகளிலிருந்தே ஒரு நாளறிக்கையைத் தயாரித்து, வங்கியின் ஸ்விஃப்ட் இயந்திரத்தைத் தொடாத தனி வழியில் அனுப்பும் ஏற்பாடு 2016-இன் இறுதியில் வந்தது. வங்கியின் அச்சுப்பொறியை ஊமையாக்கினாலும் இந்த அறிக்கையை நிறுத்த முடியாது. இரும்பு உருண்டையின் தத்துவமே இது.

நம் ரிசர்வ் வங்கி, 2016 ஆகஸ்டு முதல் குறைந்தது மூன்று முறை வங்கிகளை எச்சரித்ததாக 2018 பிப்ரவரி 20 அன்று கூறியது. ஸ்விஃப்டையும் மையப் பேரேட்டையும் இணைக்கக் காலக்கெடுவும் விதித்தது. 2019 மார்ச்சில், ஸ்விஃப்ட் தொடர்பான கட்டளைகளைச் சரிவர நிறைவேற்றாததற்காக 36 வங்கிகளுக்கு மொத்தம் 71 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. இடையில் 2018 ஆகஸ்டில் புனே நகரத்துக் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கி 94 கோடி ரூபாயை இழந்தது. அங்கே கொள்ளையர், ஏ.டி.எம். அட்டைகளுக்கு 'கொடுக்கலாம்' என்று விடை சொல்லும் இயந்திரத்திற்குப் பதிலாகத் தங்களுடைய போலி ஒன்றை நடுவில் நிறுத்திவிட்டனர். 28 நாடுகளில் ஏ.டி.எம்.கள் பணத்தைக் கொட்டின. இரண்டு நாள் கழித்து ஸ்விஃப்ட் வழியே ஹாங்காங்கிற்கும் கிட்டத்தட்ட 14 கோடி போயிற்று.

டாக்காவில் கைவரிசை காட்டியவர்கள் வட கொரியாவைச் சேர்ந்த குழுவினர் என்று அமெரிக்க நீதித்துறை 2018 செப்டம்பரில் குற்றம் சாட்டியது. பாதுகாப்பு ஆய்வாளர்கள் லாசரஸ் என்று பெயரிட்ட அதே குழுவோடு தொடர்புடையதாகக் கருதப்படும் ஒரு நிரல் மறு ஆண்டு தமிழ்நாட்டிற்கே வந்தது. வங்கிக்கு அன்று, கூடங்குளம் அணுமின் நிலையத்திற்கு. 2019 அக்டோபர் இறுதியில் செய்தி பரவியபோது, அப்படித் தாக்குதல் நடக்கவே இயலாது என்று நிலையத்தார் முதலில் கூறினர். மறுநாளே அணுமின் கழகம் உண்மையை ஒப்புக்கொண்டது: நிர்வாக வேலைகளுக்கான, இணையத்தோடு தொடர்புடைய கணிப்பொறி ஒன்றில் அந்த நிரல் இருந்தது, செப்டம்பர் 4 அன்றே தேசியக் கணிப்பொறி அவசர உதவிக் குழுவினர் அதைத் தெரிவித்திருந்தனர், உலையை இயக்கும் வலை தனியாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் அதற்குப் பாதிப்பில்லை. மின்கம்பத்துப் பீங்கான் குமிழ் இங்கே தன் இடத்தில் இருந்தது. முதல் நாளே அதைச் சொல்லியிருந்தால் மக்களுக்கு அச்சம் குறைந்திருக்கும் என்பது என் கருத்து. 2022 ஏப்ரலில் அந்த உதவிக் குழு ஓர் ஆணை பிறப்பித்தது: இத்தகைய நிகழ்ச்சிகளை அறிந்த 6 மணி நேரத்திற்குள் நிறுவனங்கள் அதனிடம் தெரிவித்தாக வேண்டும். மூடி மறைக்கும் வழக்கம் வங்கிக்கும் அரசுக்கும் மட்டும் உரியதன்று. சிறு முதலாளிகளிடமும் அது உண்டு.

ஒரு பழைய நோட்டுப் புத்தகம்

எங்கள் ஊரில் பீங்கான் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் எனக்கு நெருங்கிய பழக்கம். கார்த்திகைக்கு அகல், நவராத்திரிக்குக் கொலு பொம்மை என்று அவருடைய சூளை ஆண்டில் பல மாதங்கள் அணைவதில்லை. பீங்கானுக்கு மினுமினுப்புத் தரும் கிளேஸ் பொடியைக் குஜராத்தில் மோர்பியிலுள்ள ஒரு வியாபாரியிடம் வாங்குகிறார். ஒருநாள் அந்த வியாபாரியின் மின்னஞ்சல் முகவரியிலிருந்தே ஒரு கடிதம் வந்தது. 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது. இம்முறை பணத்தைக் கீழ்க்கண்ட கணக்கிற்கு அனுப்புக. ஐயம் இருப்பின் இந்த எண்ணில் பேசுக' என்று. பட்டியல் தொகை சரி. சரக்கின் பெயர் சரி. கடிதத்தின் தலைப்பும் வழக்கமானதே. அவருடைய மகன் வங்கிச் செயலியைத் திறந்து எண்களைத் தட்டத் தொடங்கிவிட்டான். தொகை 3 இலட்சத்திற்குச் சற்றுக் கூடுதல். தீபாவளிக்கு ஆட்களுக்குக் கொடுக்க வைத்திருந்த பணமும் அதில் சேர்ந்தது.

"இருடா, ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம்" என்று தந்தையார் நிறுத்தினார். கடிதத்தில் இருந்த எண்ணில் அவர் பேசவில்லை. மேசையறையிலிருந்து ஒரு பழைய நீல அட்டை நோட்டை எடுத்து, பல ஆண்டுகளுக்கு முன் மோர்பி வியாபாரி நேரில் வந்தபோது தம் கையாலேயே எழுதிக் கொடுத்த எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தார். கணக்கு எதுவும் மாறவில்லை என்று தெரிந்தது. வியாபாரியின் அஞ்சல் பெட்டிக்குள் எவரோ புகுந்து, எந்தப் பட்டியல் எப்போது போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"கடிதத்தில் இருந்த எண்ணிலேயே கேட்டிருக்கலாமே அப்பா?" என்று மகன் கேட்டானாம். "கள்ளச்சாவி போட்டுத் திறந்தவன்கிட்டேயே போய், இது உன் வீடுதானான்னு கேக்கச் சொல்றியா?" என்றாராம் அவர். ஸ்விஃப்டைப் பற்றியோ டாக்காவைப் பற்றியோ அவர் கேள்விப்பட்டதில்லை. நான் விவரமாகச் சொன்னபோது பொறுமையாகக் கேட்டுவிட்டு, கும்பகோணத்தில் அந்த அச்சுப்பொறியைப் பிறகு பழுது பார்த்தார்களா என்று மட்டும் விசாரித்தார். நோட்டு இப்போது கல்லாப்பெட்டிக்குள் போய்விட்டது. அதிலுள்ள எண்களை மகன் தன் கைபேசியில் ஏற்றிவிடலாம் என்றான், அவர் ஒப்பவில்லை.